சும்மா போதல்

எமது ஊர்ப் பேச்சில் 'முகாம்' என்ற சொல்லுக்கு இரண்டே பொருள்கள்தாம் உள. ஒன்று இராணுவ முகாம். மற்றது அகதி முகாம். அகராதியைப் புரட்டினால், பயணம் செய்வோர் இடைவழியில் தங்குமிடம் என்ற பொருளும் கிடைக்கும். ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளில் அளவெட்டியிலோ மல்லாகத்திலோ தெல்லிப்பழையிலோ அந்தப் பொருளில் எவரும் அச்சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை.

'கூடாரம்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. எமது பாட்டன்மார் காலத்தில் மாட்டுவண்டிலின் மேல் வளைத்துக் கட்டிய கூரையைக் கூடாரம் என்றனர். கூடார வண்டிலில் பெண்களும் பிள்ளைகளும் பாய் விரித்து அமர்ந்து, கட்டுச்சோற்றுப் பொதியோடு வல்லிபுரத்துக்கும் சந்நிதிக்கும் போய் இராத்தங்கி வந்தனர். இன்று அச்சொல்லைக் கேட்டால் வேறொரு காட்சியே எழுகின்றது: 2009ஆம் ஆண்டில் செட்டிகுளம் மெனிக் பாமில் முட்கம்பிக்குள் வரிசை வரிசையாக நின்ற வெள்ளைத் துணிகள். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அடைக்கப்பட்ட அந்த இடம் 2012 செப்டெம்பரிலேதான் முற்றாக மூடப்பட்டது. நெடுந்தூர நடை என்றாலோ, வலிகாமத்தார் எவருக்கும் நினைவில் வருவது 1995 ஒக்டோபர் 30 இரவுதான். மழையில், இருளில், தலையில் மூட்டையும் கையில் பிள்ளையுமாக நாவற்குழிப் பக்கம் அங்குலம் அங்குலமாக நகர்ந்த அந்த மனித வெள்ளத்துக்குப் பின், எமக்கு நடை என்பது பொழுதுபோக்காக இருக்க முடியாது போயிற்று.

முகாம், கூடாரம், நடை. மூன்று சொற்களும் காயம்பட்ட சொற்கள். ஆகவேதான், மேலைநாடுகளில் இலட்சக்கணக்கானோர் தமது சொந்த விருப்பில், பணம் செலவழித்து, கூடாரம் தூக்கிக்கொண்டு காட்டிலும் பாலையிலும் நடந்து திரிகிறார்கள் என்ற செய்தி எம்மவர் பலருக்கு விளங்குவதில்லை. விளங்காதது மட்டுமன்று, கொஞ்சம் கோபமும் வருகின்றது.

எனது சகோதரியின் மகன் டொரொன்டோவில் இருக்கிறான். வயது அறுபதைக் கடந்துவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டான். படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் உள்ள வீட்டு வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கி, பனிக்காலம் தொடங்கியதும் தனியே தெற்கு நோக்கி ஓட்டிச் சென்றுவிடுகிறான். அரிசோனா மாநிலத்தின் மேற்குப் புறத்தில் குவார்ட்சைற் என்றொரு சிற்றூர். சில ஆயிரம் பேரே நிலையாக வாழும் அவ்வூரைச் சுற்றிய வெறுந்தரையில் ஒவ்வொரு குளிர்காலமும் வீட்டு வண்டிகள் கடலாக வந்து நிறைகின்றன. அந்நிலம் அரசுக்குரிய பொது நிலம். நில முகாமைத்துவப் பணியகம் அதில் சில பகுதிகளை 1983 முதல் நீண்டநாள் தங்குவோருக்கென ஒதுக்கியுள்ளது. செப்டெம்பர் நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை, ஏழு மாதத்துக்கு ஒரு சிறு கட்டணம்; நெடுங்காலமாக அது 180 டொலராக இருந்தது. அதற்கு வெளியே, வசதி ஏதுமற்ற வெறும் பாலையில், இரண்டு வாரம் இலவசமாகவே தங்கலாம். பகலில் இதமான வெயில், இரவில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர். அங்கிருந்து கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்குக்கும் போய்வந்தான். கடல்மட்டத்திலிருந்து 86 மீற்றர் கீழே கிடக்கும் உப்புத்தரையில் தனியே நடந்தானாம். கோடையில் உயிர்போகும் அந்த இடத்தில் தை மாதத்தில் கம்பளிச் சட்டை வேண்டியிருந்ததாம்.

இச்செய்தி ஊருக்கு வந்தபோது எழுந்த கேள்விகளைக் கேட்டிருக்க வேண்டும்.

"என்ன, மனிசியோடை பிரச்சினையோ?"

"பிள்ளையள் வீட்டாலை கலைச்சுப் போட்டுதுகளோ?"

"தலையிலை ஏதும் சுகமில்லையோ?"

ஒருவர்கூட "வடிவா இருந்ததாமோ?" என்று கேட்கவில்லை. அவன் தொலைபேசியில், "மாமா, நான் சும்மாதான் போறன். அங்கை ஒரு சத்தமும் இல்லை. அதுதான்," என்றான். 'சும்மா' என்ற அச்சொல்லைத்தான் எவராலும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஏற்றுக்கொள்ள முடியாமைக்கு ஒரு வரலாறு உண்டு. முப்பது ஆண்டுகளாக எமது ஒவ்வொரு பயணத்துக்கும் காரணம் சொல்லியாக வேண்டியிருந்தது. குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தபோது வெளியே போக 'பாஸ்' பெற வேண்டும். காரணம் எழுத வேண்டும். பிணை நிற்க ஆள் வேண்டும். இராணுவத்தின் கையில் வந்த பின்னர், கப்பலுக்கும் விமானத்துக்கும் அனுமதி பெற வேண்டும். அதற்கும் காரணம் எழுத வேண்டும். ஒவ்வொரு சந்தியிலும் சைக்கிளை விட்டிறங்கி, அடையாள அட்டையை நீட்டி, "எங்க போறது? என்னத்துக்குப் போறது?" என்ற அரைகுறைத் தமிழுக்கு மறுமொழி சொல்ல வேண்டும். வைத்தியசாலைக்கு என்று சொல்லலாம். செத்தவீட்டுக்கு என்று சொல்லலாம். சும்மா போகிறேன் என்று சொல்ல முடியுமா? சொன்னவன் வீடு திரும்பியிருக்க மாட்டான். செய்தியாளனாக இருந்த எனக்குக்கூட, பையில் ஒரு கடிதத்தை எப்போதும் வைத்திருப்பதே பாதுகாப்பாக இருந்தது. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபின் அந்தக் கடிதமும் பயனற்றுப் போயிற்று.

சோதனைச் சாவடிகள் போய்விட்டன. கேள்வி மட்டும் போகவில்லை. அது எமது வீட்டு விறாந்தையில் வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது அதைக் கேட்பவர் சிப்பாய் அல்லர், பெரியம்மா.

இத்தனைக்கும் நாம் ஊரை விட்டு அசையாத மக்களல்லர். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், வேறொரு பெயர் தாங்கி, அவ்வூர் மாலுமிகளுடன் அத்திலாந்திக்கைக் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. தொண்டைமானாற்றின் நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் ஆழிக்குமரன் ஆனந்தன் அதனை நீந்திப் போய், நீந்தியே திரும்பினார். 1984இல் ஆங்கிலக் கால்வாயில் உயிர் துறந்தார். கடலோரத்து மக்களின் கதை அது. உள்ளூரில், செம்மண்ணைக் கிண்டிப் புகையிலையும் வெங்காயமும் நட்டவர்களின் அளவெட்டியில், பயணம் என்றால் நாதஸ்வரக்காரரின் பயணம்தான். தவில் மேதை தட்சணாமூர்த்தியும் நாதஸ்வர வித்துவான் பத்மநாதனும் வாழ்ந்த ஊர் இது. திருவிழாக் காலம் தொடங்கினால் கோயில் கோயிலாக ஊர் சுற்றுவதும், கிடைத்த மண்டபத்தில் துண்டை விரித்துப் படுப்பதும் அக்கலைஞர் வாழ்வின் பகுதி. அவர்களை எவரும் "சுகமில்லையோ" என்று கேட்டதில்லை. போனதற்குக் காரணம் இருந்தது அல்லவா?

கதிர்காமப் பாதயாத்திரையைச் சொல்வீர்கள். சொல்லத்தான் வேண்டும். சந்நிதியிலிருந்து புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கிழக்குக் கரை முழுவதையும் நடந்து, உகந்தையில் தங்கி, குமண, யால காடுகளை ஊடறுத்துக் கதிர்காமம் சேரும் அந்த நடையைவிடப் பெரிய நெடுநடை இத்தீவில் இல்லை. ஒன்றரை மாதத்துக்கும் மேற்பட்ட காலம் மரத்தடியில் உறங்கி, ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கல் மூட்டிச் சமைத்துச் செல்கிறார்கள். போரினால் தடைப்பட்ட அந்த நடையை 1988இல் மீண்டும் தொடக்குவதற்கு முன்னின்றவர்களுள் பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்கரும் ஒருவர் என்பது எமக்கு ஒரு சிறு வெட்கம். எனினும் அது கூட்டமாகப் போவது, நேர்த்திக்காகப் போவது. தனியே போவோருக்கு எமது மரபு ஓரிடம்தான் வைத்திருந்தது: ஒன்றில் அவன் சாமி, அல்லது விசரன். யோகர் சுவாமிகளும் கரையோரமாகக் கால்நடையாகக் கதிர்காமம் போய் வந்தவர்தாம். 'சும்மா இரு' என்பதை உபதேசமாகப் போற்றும் ஊரில், சும்மா போவது குற்றமாகிவிட்ட விந்தையை என்னென்பது!

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அரிசோனாவுக்கு எம்மால் போக முடியாது. தேவையும் இல்லை. எமக்கென்று ஒரு மணல் நாடு இருக்கிறது.

அறிவியல் அடிப்படையில் யாழ்ப்பாணத்தில் பாலைவனம் கிடையாது. ஆண்டுக்கு ஆயிரத்து இருநூறு மில்லிமீற்றருக்குக் குறையாமல் மழை பெய்யும் இடத்தைப் பாலைவனம் என்று எவர் சொல்வார்? ஆனால் அம்மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. எஞ்சிய காலத்தில் வடமராட்சிக் கிழக்குக் கரையில் நின்று பார்த்தால் பாலை என்ற சொல்லே நாவில் வரும். வல்லிபுரத்தில் தொடங்கி, மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில் என்று தெற்கே செல்லச் செல்ல மணல் மேடுகள். வாடைக்காற்றும் சோளகமும் ஆண்டுக்கு இருமுறை மாறி மாறி அள்ளிக் கொட்டும் மணல். மணற்காட்டில் பழைய அந்தோனியார் தேவாலயம் ஒன்றின் சுவர்கள் மணலில் புதைந்து கிடக்கின்றன. அதற்கப்பால் சேமக்காலை, மணலில் ஊன்றிய சிலுவைகள், சில நிமிர்ந்தும் சில சாய்ந்தும். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை இக்கிராமத்தை அறைந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தச் சிலுவைகளிடையே நடக்க வேண்டும்.

தமிழ் இலக்கணக்காரர் இந்த இடத்தில் எனக்குத் துணைக்கு வருகிறார்கள். பாலைக்குரிய பெரும்பொழுது வேனில் என்பது எல்லாரும் அறிந்தது. தொல்காப்பியம் அதனோடு நிற்கவில்லை. பின்பனியும் பாலைக்கு உரியது என்கிறது. பின்பனி என்பது மாசியும் பங்குனியும். பாலையைக் குளிர்காலத்தோடு சேர்த்துப் பார்க்கும் எண்ணம் அமெரிக்க ஓய்வூதியர் கண்டுபிடித்தது அன்று. பாலையின் உரிப்பொருள் பிரிவு என்பதையும் சேர்த்து நினைத்தால், டொரொன்டோக்காரன் ஏன் அங்கே போய் இருக்கிறான் என்பதும் கொஞ்சம் பிடிபடும்.

ஆண்டுதோறும் மாசி மாதத்தில் இரண்டு பகலும் ஓர் இரவும் நான் அந்த மணலுக்குப் போகிறேன். வீட்டு வண்டி இல்லை. மல்லாகம் சந்தியில் பஸ் ஏறி, யாழ்ப்பாணத்தில் மாறி, பருத்தித்துறையில் இறங்கினால் அப்பால் வல்லிபுரம் தொட்டதூரம். அங்கிருந்து நடை. எழுபதைக் கடந்தவன் தூக்கக்கூடிய சுமைதான்: ஒரு படங்கு, ஒரு சாரம், ஒரு தடித்த போர்வை, டோர்ச் லைட், மூன்று லீற்றர் தண்ணீர், ஒடியல்மாப் பிட்டு ஒரு பொதி, புழுக்கொடியல், பனங்கட்டி. மழை ஓய்ந்திருக்கும், வெயில் தொடங்கியிராது. 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்ற பழமொழி திறந்த மணலில் படுத்தவனுக்குத்தான் முழுதாக விளங்கும். வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனால் விடியப்புறம் படங்கு முழுவதும் பனி கொட்டி, பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.

கடலோரம் ஈரமணலில் நடப்பது எளிது. மேட்டுமணலில் ஓரடி வைத்தால் அரையடி பின்னே இழுக்கும். மேட்டில் ஏறியபின் தெரியும் உலகம் வேறு. இராவணன் மீசைப் புல் காற்றில் உருண்டு போகும். அடம்பன்கொடி மணலைத் தைத்துப் பிடித்திருக்கும். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று மேடைகளில் எத்தனையோ பேர் முழங்கக் கேட்டு, பத்திரிகையில் தலைப்பாகவும் போட்டிருக்கிறேன். அக்கொடி உண்மையில் செய்யும் வேலையை மணற்காட்டில்தான் கண்டேன். கொடி படர்ந்த மேடு காற்றுக்கு அசைவதில்லை. கொடி அறுந்த மேடு ஒரு சோளகத்துக்குள் இடம் பெயர்ந்துவிடுகின்றது. தெற்கே இன்னும் போனால் சுண்டிக்குளம். 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட அந்தக் களப்பில் மாரிக்குப் பின் பூநாரைகள் வந்து நிற்கும். அதுவரை நடப்பதற்கு எனது முழங்கால் இப்போது சம்மதிப்பதில்லை.

இரவில் அங்கே என்னதான் இருக்கிறது என்று கேட்கிறார்கள். கடலில் மீன்பிடி வள்ளங்களின் விளக்குகள். தொலைவில் வாடியில் ஒரு வானொலி. அது நின்றபின் அலை. வேறொன்றும் இல்லை. குண்டுச் சத்தம் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, வேறொன்றும் இல்லாத இரவு எவ்வளவு பெறுமதியானது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆபத்து இல்லையா என்பார்கள். உண்டு. நாகர்கோவில் பல ஆண்டுகள் போர்முனையாக இருந்த இடம். முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்காக நடந்தது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை இருக்கும் வேலிக்குள் காலடி வைக்கக்கூடாது; ஊரவர் நடக்கும் தடத்தை விட்டு விலகக்கூடாது. மணலில் சுருட்டைப் பாம்பு உண்டு. சிறியதுதான், விடமோ பெரியது. இருட்டில் வெறுங்காலோடும் வெளிச்சம் இன்றியும் எழுந்து நடக்கக்கூடாது. புயற்காலமாகிய கார்த்திகை, மார்கழியில் அங்கே படுப்பது மடமை. 2008இல் நிஷாவும் 2020இல் புரெவியும் வந்த விதம் நினைவிருக்கும். போகுமுன் ஊர் மீனவர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவர் கேட்பது "ஏன்?" என்று அன்று, "சாப்பாடு கிடக்கோ?" என்று.

மணற்காட்டார் காட்டித்தந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேட்டின் அடிவாரத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், முழங்கை ஆழத்துக்குச் சற்று மேல் தோண்டினால் நன்னீர் ஊறுகின்றது. பூவல் என்பார்கள். சிரட்டையால் அள்ளிக் குடிக்கலாம். கடலருகே எப்படி நன்னீர்? மழைநீர் மணலுக்குள் இறங்கி, தன்னைவிடப் பாரமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் வகுத்த கணக்கு. இதை மறுபுறமாகப் படித்துப் பாருங்கள். மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி போய்விடும். ஆறில்லாத குடாநாட்டின் கிணறுகள் அனைத்தும் இந்தக் கணக்கில்தான் உயிர் வாழ்கின்றன. வடமராட்சிக் கரையில் அந்த நீரைத் தாங்கி நிற்பவை இந்த மணல் மேடுகள்.

அந்த மேடுகளைத்தான் உழவு இயந்திரங்களும் டிப்பர்களும் அள்ளிக்கொண்டு போகின்றன. போர் முடிந்தபின் குடாநாடு முழுவதும் வீடு எழும்பியது. வீட்டுக்கு மணல் வேண்டும். மணல் இங்கே கிடக்கிறது. 2019 டிசெம்பரில் அரசாங்கம் மணல் ஏற்றிச் செல்வதற்கான அனுமதிப்பத்திர முறையை நீக்கியபோது, இரவில் மட்டும் ஓடியவை பகலிலும் ஓடின. வெளிநாட்டுப் பணத்தில் மாடி வீடு கட்டி, அதைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போன எம்மவர் எத்தனை பேர்! அந்தப் பூட்டிய வீடுகளின் சுவருக்குள் மணற்காட்டின் ஒரு மேடு நின்றுகொண்டிருக்கலாம். தெற்கே யால கரையில், கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மணல் மேட்டை அகற்றிய ஓரிடத்தில் 2004இல் அலை தடையின்றி உள்ளே புகுந்ததையும், மேடு இருந்த பக்கங்கள் தப்பியதையும் ஆய்வாளர்கள் எழுதி வைத்துள்ளனர். எமது ஊரவர்களுக்கு அது இன்னும் எட்டவில்லை.

மணலைக் காப்பாற்றச் சட்டம் போதும் என்று நான் நம்பவில்லை. ஓரிடத்தில் மக்கள் நடமாடினால்தான் அந்த இடம் அவர்களுக்கு உரியதாகின்றது. எவரும் போகாத மேடு ஒரே இரவில் காணாமற் போனால் எவருக்குத் தெரியும்? எங்கள் பக்கத்தில் 2014இலும் 2015இலும் சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்தபோது ஊரே எழுந்தது. ஏனென்றால் கிணற்றை நாள்தோறும் எட்டிப் பார்க்கிறோம். மணல் மேட்டை எட்டிப் பார்க்க ஆளில்லை. சும்மா போகும் ஒருவன், ஆண்டுக்கொரு முறையாவது, அது இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து வருவான்.

போக வேண்டும் என்றதும், அங்கே விடுதி கட்டலாம் என்று ஒருவர் ஓடிவருவார். அவருக்காகத்தான் இதை அழுத்தி எழுதுகிறேன். நீச்சல் தடாகமும் மதிலும் உள்ள விடுதி வந்தால், முதலில் போவது பூவலின் நீர். அடுத்துப் போவது ஊரவரின் தடம். எமது முன்னோர் பயணிக்குக் கட்டிக்கொடுத்தவை மதிலற்றவை. மடம், கேணி, சுமைதாங்கி, மாடு உடம்பு தேய்க்க ஆவுரோஞ்சிக்கல். பருத்தித்துறையில் தெருவின் குறுக்கே கூரை போட்டுக் கட்டிய தெருமூடி மடம் இன்றும் நிற்கின்றது. வெயிலிலும் மழையிலும் வந்தவன், எவனாயினும், திண்ணையில் ஏறி இருக்கலாம். 'என்னத்துக்கு வந்தனி?' என்று அந்தத் திண்ணை கேட்காது. (கட்டிய காலத்தில் எல்லாச் சாதியாருக்கும் அது அப்படியே இருந்ததா என்று கேட்பீர்கள். இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தின் மடமும் கேணியும் யாருக்குத் திறந்திருந்தன என்பது வேறொரு நீண்ட வழக்கு. இனிக் கட்டுவதை எல்லாருக்கும் கட்டினால் போதும்.) அரிசோனாப் பாலையில் அரசு செய்திருப்பதும் ஏறக்குறைய இதுவே: நிலத்தை விற்கவில்லை, மதில் போடவில்லை, தண்ணீரும் கழிவு கொட்டும் இடமும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது.

அந்தப் பாலையைப் பற்றிய மயக்கமும் எனக்கு இல்லை. வீட்டு வண்டியில் வாழ்வோர் எல்லாரும் விரும்பிப் போனவர் அல்லர். 2008 பொருளாதாரச் சரிவில் வீட்டை இழந்து வண்டிக்குள் குடியேறிய முதியவர்களைப் பற்றி ஜெசிகா புறூடர் என்ற செய்தியாளர் 2017இல் நோமாட்லாண்ட் என்ற நூலை எழுதினார். அதைத் தழுவிய திரைப்படம் 2021இல் ஒஸ்கார் பெற்றது. ஓடிப்போனவரும் துரத்தப்பட்டவரும் ஒரே மணலில் பக்கத்துப் பக்கத்தில் கூடாரம் அடித்திருக்கிறார்கள். குவார்ட்சைற்றில் ஒரு கல்லறை உண்டு: கூம்பு வடிவம், உச்சியில் ஓர் ஒட்டகம். 1856இல் அமெரிக்க இராணுவம் ஒட்டகங்களோடு கொண்டுவந்த ஹாஜி அலி என்பவர் அங்கே 1902இல் இறந்து புதைக்கப்பட்டார். ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்டது. அவர் திரும்பிப் போகவில்லை. மருமகன் அக்கல்லறையின் படத்தை எனக்கு அனுப்பியிருந்தான், ஒரு வார்த்தையும் எழுதாமல்.

எனது வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது; அதை மறைக்க விரும்பவில்லை. நான் ஆண். கிழவன். மணலில் தனியே படுத்திருந்தால் 'பாவம்' என்பார்கள், அவ்வளவுதான். இதையே ஒரு பெண் செய்தால்? என்னோடு பணியாற்றிய பெண் செய்தியாளர் ஒருவர், ஷெல்லடிக்கு நடுவே சைக்கிளில் தனியே போய்ச் செய்தி எடுத்து வந்தவர், சென்ற ஆண்டு சொன்னார்: "அண்ணை, சண்டைக்குள்ளை தனியப் போக விட்டவை, இப்ப வல்லிபுரக் கடற்கரைக்குத் தனியப் போக விடீனம் இல்லை." மருமகன் சந்தித்த வீட்டு வண்டிக்காரரில் தனித்து வந்த பெண்கள் பலராம். அறுபது வயது, எழுபது வயது. எமது பெண்களில் ஒருத்தி மாசிப் பனியில் மணற்காட்டில் ஓர் இரவு கழித்துவிட்டு விடிய எழுந்து வர முடியுமானால், அன்றைக்குத்தான் போர் முடிந்ததாக நான் எழுதுவேன்.

அதற்கு வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. வல்லிபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே மூன்று மடங்கள். பனையோலைக் கூரை போதும், கொங்கிறீற் வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஒரு கிணறு, ஒரு கழிப்பறை, விளக்கு, பொறுப்பாக அவ்வூர்ப் பெண்கள் சங்கம். மீனவருடைய வாடிகளுக்கும் வலைகளுக்கும் இடைஞ்சல் இல்லாமல் குறிக்கப்பட்ட நடைபாதை. மிதிவெடி அகற்றப்பட்ட நிலம் எது என்பதைக் காட்டும் தெளிவான பலகைகள், மூன்று மொழியிலும். கொழும்பில் முச்சக்கர வண்டியை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டி வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் இப்போதே அங்கே வந்து சவுக்கங்காட்டின் நிழலில் படுக்கிறார்கள். அவர்களும் அந்த மடத்தில் தங்கலாம். ஊர்த் தோசையை வாங்கிச் சாப்பிடலாம். பிரதேச சபைக்கு இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கங்கள் கோயில் கோபுரத்துக்கும் கலியாண மண்டபத்துக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு சிறு துளி இதற்குப் போதும். மூன்று சங்கங்களுக்குக் கடிதம் போட்டேன். இரண்டிலிருந்து பதில் வந்தது. இரண்டும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தன: அங்கே போய் என்ன செய்வது?

வருகின்ற மாசியில் மருமகன் வருகிறான். தனது கூடாரத்தையும் காற்றடைத்த மெத்தையையும் கொண்டுவரட்டுமா என்று கேட்டான். வேண்டாம், படங்கு என்னிடம் இருக்கிறது, நல்ல சப்பாத்து மட்டும் கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.